தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைரஸ் என்று கணினி சொன்னால்

குரங்கணிப் பக்கம் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், போடிநாயக்கனூரில் உள்ள கணினி மையத்தில் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருகிறார் என வைத்துக்கொள்வோம். மறுநாளைக்குள் வினாத்தாள் தயாராக வேண்டும். பள்ளிக் கணினியில் செருகியதும் எச்சரிக்கை வருகிறது, கோப்பு மறைந்துவிடுகிறது. அவசரத்தில் பலர் ஆன்டிவைரஸையே அணைத்துவிடுகிறோம். எமிஸ் கடவுச்சொல்லை உள்ளிடுவதும் அதே கணினியில்தான் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஆன்டிவைரஸ் தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு கோப்பை ஒப்பிடுகிறது. அடையாளம் கிடைக்காதபோது நடத்தையைப் பார்த்து ஊகிக்கிறது. சிக்கல் இந்த ஊகத்தில்தான். நாம் 'அம்மா' என அடிக்கும்போது, தட்டச்சு மென்பொருள் ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுகிறது. கடவுச்சொல் திருடும் கீலாகர் நிரலும் விசைகளை இடைமறிக்கவே செய்கிறது. போதாக்குறைக்கு, தனிநபர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் மென்பொருள்கள் பலவற்றில் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய டிஜிட்டல் கையொப்பம் இருப்பதில்லை. சந்தேகம் வலுக்கிறது.

பெரிய நிறுவனங்களும் தவறியிருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதியது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கமாகி முடங்கின.

ஆகவே முதலில் எச்சரிக்கையில் உள்ள பெயரைப் படியுங்கள். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' போன்ற சொற்கள் இருந்தாலோ, விண்டோஸ் டிஃபெண்டரில் பெயரின் முடிவில் ஆச்சரியக்குறியுடன் 'எம்எல்' என்று இருந்தாலோ, அது ஊகத்தில் எழுந்த எச்சரிக்கை. அதற்காகக் கோப்பு நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது. நம் கோப்பு கணினி மையம், பென் டிரைவ் என்று இரண்டு கை மாறி வந்தது. வழியில் உண்மையான வைரஸே ஒட்டியிருக்கலாம். உருவாக்கியவரின் தளத்திலிருந்து நேரடியாக மீண்டும் பதிவிறக்குவதே நல்லது. அத்தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 எண் தரப்பட்டிருந்தால், நம் கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். 7-ஸிப் உள்ள கணினியில் கோப்பின் மீது வலச்சொடுக்கினால் இதைக் கணக்கிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

அடுத்தது வைரஸ்டோட்டல் தளம். பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டும். ஓரிரண்டு மட்டும் சந்தேகித்தால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்னணி நிறுவனங்கள் பலவும் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு கவனம்: அங்கே ஏற்றும் கோப்புகள் பிற நிறுவனங்களுக்கும் பகிரப்படும். மாணவர் பட்டியலையோ வினாத்தாளையோ ஏற்றாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியின் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் அந்தக் கோப்பை மட்டும் மீட்டு அனுமதியுங்கள். 'டவுன்லோட்ஸ்' கோப்புறை முழுவதற்கும் விலக்கு அளிப்பது, ஒரு விருந்தாளிக்காக வாசற்கதவையே கழற்றி வைப்பது போன்றது. ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்தில் தவறைத் தெரிவிக்கவும் வசதி உண்டு.

வினாத்தாள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2019 மே மாதப் புதுப்பிப்புக்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும்.