இழுத்தும் எழும்பாத ஜெனரேட்டர்

நாச்சாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களில் சிலர் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் பழைய சாக்கு போர்த்திய ஒரு சிறு ஜெனரேட்டர் இன்னும் இருக்கும். 2012, 2013-ஆம் ஆண்டுகளின் மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. பிறகு இன்வர்ட்டர் வந்தது. 2014-க்குப் பின் மின்வெட்டும் வெகுவாகக் குறைந்தது. ஜெனரேட்டரை மறந்துவிட்டோம். அப்படி மறந்த சாமான் ஒரு நாள் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் வம்பு வருகிறது.

2020 அக்டோபர் 13-ஆம் தேதி இரவு ஹைதராபாத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் மாலையே கரண்ட் போய்விட்டது. ஒன்பது மணி சுமாருக்கு, நாலு வீடு தள்ளி இருக்கும் தஞ்சாவூர்க் குடும்பத்துப் பையன் நனைந்தபடி வந்து நின்றான்.

"மாமா, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. இன்வர்ட்டர் பாட்டரியும் இறங்கிடுச்சு. அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"கையில் சிலிண்டர் இருக்கா? எவ்வளவு நேரம் வரும்?"

"சின்னது ஒண்ணு இருக்கு மாமா. ரெண்டு மணி நேரம் வரும்."

இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால் பதற வேண்டாம், வரிசையாகப் பார்க்கலாம் என்று சொல்லி, டார்ச்சையும் என் பழைய டூல்ஸ் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் ரயில்வேயில் டீசல் எஞ்சின் பராமரிப்பில் காலம் கழித்தவன். எங்கள் டபிள்யூ.டி.எம்-2 வகை எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். பாட்டரி மின்சாரத்தைக் கொடுத்து, அதன் மெயின் ஜெனரேட்டரையே மோட்டாராகச் சுழலவிட்டு ஸ்டார்ட் செய்வோம். வீட்டு ஜெனரேட்டரில் அந்த வேலையை நம் தோள்பட்டை செய்கிறது. மற்றபடி பழுது பார்க்கும் முறை ஒன்றுதான். கழற்றுவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை நல்ல எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். இந்த நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பையனும் அவன் தம்பியும் மாற்றி மாற்றி ஐம்பது தடவையாவது கயிற்றை இழுத்திருப்பார்கள். முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. சிரிக்க வேண்டாம். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று கூப்பிடப்படும் இடங்களில் பல, இந்த நான்கோடு முடிந்துவிடும்.

அடுத்தது எஞ்சின் ஆயில். இப்போதைய சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில், ஆயில் குறைந்தால் தீப்பொறியைத் தானாக நிறுத்திவிடும் ஓர் உணர்கருவி உண்டு. எஞ்சின் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் ஜெனரேட்டரைச் சரிவில் வைத்தாலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அது 'குறைவு' என்றே நினைத்துக்கொள்ளும். இவர்கள் கார் ஏற்றும் சரிவில் வைத்துத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சமதரைக்கு மாற்றி, ஆயில் அளவையும் பார்த்தோம். போதுமானது இருந்தது. இழுத்தால் ஒரு தும்மல், அவ்வளவுதான்.

"கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன். "பிப்ரவரியில் மாமா" என்றான். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

பெட்ரோல் ஊறுகாய் அல்ல, வைக்க வைக்க ருசிக்க. மாதக்கணக்கில் நின்றால் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசின் போல கார்புரேட்டரின் நுண்துளைகளில் படிந்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். நாடு முழுவதும் சராசரியாக 10 சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது, 2025-இல் 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவதும் அந்த அடித்தண்ணீர்தான்.

காக்கை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மேலே மஞ்சள் நிறத்தில் வார்னிஷ் வாடை. டாங்கையும் காலி செய்து, பையனின் ஸ்கூட்டரிலிருந்து புதுப் பெட்ரோல் எடுத்து ஊற்றினோம்.

பிறகு ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்தால் கரியும் பெட்ரோல் ஈரமும். அத்தனை தடவை இழுத்ததில் சிலிண்டரே நனைந்திருந்தது. பிளக்கைத் துடைத்து, கரியைச் சுரண்டி, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குச் சரி செய்தேன். சிலிண்டர் உலர, பிளக் இல்லாமலே ஸ்விட்சை அணைத்து நாலைந்து தடவை இழுத்துவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்தோம். தீப்பொறி வருகிறதா என்று பார்க்க விரும்புவோர், சிந்திய பெட்ரோலைத் துடைத்து, வாடை முழுக்கப் போன பிறகே பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஜெனரேட்டருக்குப் பதில் வீடு பற்றிக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே கரப்பான் பூச்சிக் குடும்பம்! தட்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடி இரண்டு நிமிடத்தில் நின்றுபோனால், டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எஞ்சின் ஓடியதும் பையன் சொன்னான்: "மழையா இருக்கு மாமா, ஹாலுக்குள்ளே தள்ளிடலாம். ஜன்னலைத் திறந்து வச்சா போதும்." உடனே ஸ்விட்சை அணைத்தேன். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்காகத் தவிக்கும் அம்மாவுக்கு, நாமே விஷத்தை ஊட்டியது போல ஆகியிருக்கும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வீட்டுக்கு வெளியே 20 அடியாவது தள்ளி வைக்கச் சொல்கிறது. அங்கேயே ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இந்தப் புகையால் இறக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பது போதாது.

பின்பக்கம் காம்பவுண்டு ஓரத்தில், மேட்டில், நாலு புறமும் திறந்த தகரக் கூரை ஒன்று இருந்தது. அங்கே வைத்து, கனமான மூன்று கம்பி ஒயரை நேரே ஆக்சிஜன் மெஷினுக்கு இழுத்தோம். அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடினோம். சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் தந்திரத்தைச் சிலர் செய்கிறார்கள். கரண்ட் திரும்பி ஓடி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் குடிக்கும். முறையான சேஞ்சோவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் கொடுக்கவே கூடாது.

மெஷின் ஓட ஆரம்பித்தபோது சிலிண்டரில் இருபது நிமிடத்துக்கு மிச்சம் இருந்தது. விடிய விடிய முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றினோம். அந்த இடைவெளிக்குத்தான் மிச்ச சிலிண்டர் உதவியது. காலையில் அந்த அம்மாள் கண் திறந்து என்னைப் பார்த்து, "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் ஞாயிறு ஜெனரேட்டரை வெளியே எடுத்து, இரண்டு ஃபேன், ஒரு பல்பு போட்டு, கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வையுங்கள். கயிற்றை எப்படி இழுப்பது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். எங்கே வைக்கக் கூடாது என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.