ஐந்து வருடப் படிப்புக்கு மூன்று வருட உதவி

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலோ அரூரிலோ அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்துவிட்டு பி.எஸ்ஸி. தாவரவியலோ விலங்கியலோ சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூன்று வருடத்துக்கு 36,000. உயிரியல் டீச்சர் ஆவதற்கு இந்தப் பட்டம் போதாது; இன்னும் இரண்டு வருடம் பி.எட். படிக்க வேண்டும். பணமோ முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது.

2014-15 வரை பி.எட். ஒரே வருடம்தான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் புதிய விதிகளால் 2015-16 முதல் இரண்டு வருடம் ஆனது. வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளியில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி 20 வாரம். அதற்கு வருகை 90 சதவீதம், அதாவது 18 வாரம். பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கப் போய்க்கொண்டே இதைப் படித்து முடிக்க வழியில்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதையே அளவாக வைத்தால் இரண்டு வருடத்தின் 400 நாளுக்கு 1,34,400 ரூபாய். எந்தக் கல்லூரி ரசீதிலும் வராத இந்தத் தொகையை வீடுதான் சுமக்கிறது.

குறைந்த செலவில் பி.எட். படிக்க 7 அரசுக் கல்லூரிகளும் 14 அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 2,040 இடங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. அந்த ஏழு அரசுக் கல்லூரிகளில் ஒன்றுகூடத் தருமபுரி மாவட்டத்தில் இல்லை. சேலம், சங்ககிரி தாண்டிக் குமாரபாளையம் போக வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வேலூர். தினமும் போய்வரும் தூரமில்லை, தங்கித்தான் படிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், தருமபுரியில் 68.54, மாநிலத்திலேயே கடைசி. ஆசிரியர்கள் அதிகம் உருவாக வேண்டிய மாவட்டத்திலிருந்துதான் ஆசிரியர் படிப்பு இவ்வளவு தள்ளி இருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பி.எட். பட்டம் வாங்கினாலும் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. இரண்டாம் தாளில் 150 கேள்வி: குழந்தை வளர்ச்சி 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60. உயிரியல் படித்தவர் அந்த அறுபதில் அறிவியலோடு கணக்கையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். 2012இல் நடந்த முதல் டெட்டை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர்.

மாதம் 1,000 ரூபாயைப் பி.எட். முடியும்வரை நீட்டிக்க என்ன செலவாகும்? ஒருவருக்கு 24,000 ரூபாய். 2,040 இடத்திலும் சேர்கிற அத்தனை பேருக்கும் கொடுத்தாலும், ஓர் ஆண்டில் சேர்பவர்களின் இரண்டு வருடப் படிப்புக்கு 4 கோடியே 89 லட்சத்து 60 ஆயிரம்தான். ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் பையன்களும் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுவார்கள். புதிதாக ஒரு திட்டம் தேவையில்லை. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்த மாதத்திலிருந்து அதே வங்கிக் கணக்கில் பணத்தைத் தொடர்ந்து போடலாம்.