வாயுவை மாற்றும் பணம் கடைவரை வருகிறதா?

ஓசோன் படலத்தைச் சிதைத்தவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். அதைச் சரிசெய்யும் செலவை ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும்? ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தபோது இந்தியாவும் சீனாவும் ஒதுங்கி நின்றதற்கு இந்தக் கேள்விதான் காரணம். 1990 லண்டன் மாநாட்டில் அதற்குக் கிடைத்த பதில், பலதரப்பு நிதியம். வளர்ந்த நாடுகள் பணம் போடும். இரு தரப்பிலிருந்தும் ஏழேழு நாடுகள் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழு அதைப் பங்கிடும். 2024 முதல் 2026 வரையிலான மூன்றாண்டுகளுக்கு நாடுகள் ஒப்புக்கொண்ட தொகை 96.5 கோடி டாலர். உலகச் சூழல் உடன்படிக்கைகளில் சொன்ன பணம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்த அபூர்வமான உதாரணம் இது. ஆனால் வணிகக் குளிர்பதனம் என்று வரும்போது அந்தப் பணம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

காரணம் நிதியத்தின் அடிப்படைக் கணக்கில் இருக்கிறது. பழைய தொழில்நுட்பத்துக்குப் பதில் புதியதற்கு மாறும்போது ஏற்படும் கூடுதல் செலவை மட்டுமே அது தரும். தொழிற்சாலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது: உற்பத்தி வரிசையை மாற்றினால் அதிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டீப் ஃப்ரீசரும் மாறிவிடும். கோல்டு ரூம், ஐஸ் பிளான்ட், சூப்பர்மார்க்கெட் குளிரடுக்குகள் போன்றவை அப்படியல்ல. கம்ப்ரசர் ஓரிடத்திலும் குளிரடுக்கு வேறிடத்திலும் இருக்க, நடுவே செம்புக் குழாயை நீளமாக இழுத்து, கடையிலேயே பற்றவைத்துக் கோக்கிறார்கள். கசிவதும் அந்த இணைப்புகளில்தான். அமெரிக்காவில்கூட ஒரு சராசரி சூப்பர்மார்க்கெட் தன் குளிர்பதன வாயுவில் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதத்தைக் காற்றில் விடுகிறது என்பது அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. குளிர் குறைந்தால் மெக்கானிக் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போவார். சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேட எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை. இந்தப் பராமரிப்புத் துறைக்கு, அதிகம் நுகரும் நாடுகளில், குறைக்கப்படும் ஒரு கிலோவுக்கு 4.80 டாலர் வரை என்று 2015-இல் விதி வகுத்தார்கள். அது மெக்கானிக்குகளின் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் போகிறது. கடைக்காரருக்கு நேரடி ஊக்கத்தொகை தந்த திட்டங்கள் சில நாடுகளில் உண்டு என்றாலும், அவை விதிவிலக்குகளே.

கடைக்காரருக்குப் பணம் எதற்கு, தடை போட்டால் போதாதா என்று கேட்கலாம். தடை ஏற்கெனவே இருக்கிறது. வளரும் நாடுகள் ஆர்-22 போன்ற எச்சிஎப்சி வாயுக்களை 2025 முதல் 67.5 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். 2030-க்குப் பிறகு பராமரிப்புக்கென்று சொற்ப அளவே மிஞ்சும். ஆனால் தடையை மட்டும் நம்பினால், கடைக்காரர் கைக்கு எட்டும் ஆர்-404ஏ என்ற எச்எப்சி வாயுவுக்குத் தாவுவார். ஓசோனுக்கு அதனால் கேடில்லை. புவியைச் சூடாக்கும் திறனோ கரியமில வாயுவைப் போலச் சுமார் 3,900 மடங்கு, அதாவது ஆர்-22-ஐவிட இரு மடங்குக்கும் மேல். மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தின்படி இந்தியா 2028-இல் இந்த வகை வாயுக்களின் நுகர்வை உறையவைத்து, 2032 முதல் குறைக்க வேண்டும். இன்று வாங்கும் இயந்திரம் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரே கடை இரண்டு முறை மாற வேண்டிவரும்.

பெரிய சங்கிலிக் கடைகளுக்கு ஏன் பொதுப்பணம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அவர்களுக்கு மானியம் வேண்டாம். ஆனால் மீனும் காய்கறியும் வைக்கும் சிறு கோல்டு ரூம் உரிமையாளருக்கு, புதிய இயந்திரத்தால் மின்கட்டணம் குறையும் என்ற வாக்குறுதி முதலீடாகாது. அவருக்குத் தேவை, அந்தச் சேமிப்பிலிருந்தே தவணை கட்டும்படியான குறைந்த வட்டிக் கடன். அதற்கான பணத்தை வாயுவிலிருந்தே எடுக்கலாம். நார்வே 2003-இல் எச்எப்சி மீது வரி போட்டது. மறு ஆண்டே, பழைய வாயுவைத் திரும்ப ஒப்படைத்து அழிக்கக் கொடுப்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது. கசியவிட்டால் நஷ்டம், மீட்டுக் கொடுத்தால் வரவு என்றாகிவிட்டால் சோப்பு நுரைக்கும் நேரம் கிடைக்கும்.

எந்த இயந்திரத்துக்குக் கடன் என்பதில் மட்டும் ஐரோப்பாவைக் காப்பியடிக்கக் கூடாது. அங்கே கடைகளில் பரவிவரும், கரியமில வாயுவையே குளிர்பதன வாயுவாகப் பயன்படுத்தும் முறை, 31 டிகிரிக்கு மேல் வெளிவெப்பம் போனால் மின்சாரத்தைக் கூடுதலாக விழுங்கும்; நமக்கு அது பல மாதங்களின் சாதாரண பகல். தீப்பற்றும் என்ற அச்சத்தால் ஒதுக்கப்பட்ட புரொப்பேன் சிறு கருவிகளுக்குப் பொருத்தமானது. ஒரு கருவியில் 150 கிராம் என்றிருந்த அதன் வரம்பைப் பன்னாட்டுத் தர விதி 2019-இல் சுமார் 500 கிராமாக உயர்த்தியது.

இந்த மாற்றம் தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. இந்தியாவின் எச்எப்சி வரம்பு 2024–26 நுகர்வின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இந்த மூன்றாண்டில் எவ்வளவு அதிகம் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவு தாராளமான வரம்பு கிடைக்கும். 96.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டதும் அதே மூன்றாண்டுகளுக்குத்தான்.