கணுக்காலில் பிளேட் வெச்சாச்சு... எப்போ நடக்கலாம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீடு, நடுவில் டூ வீலர். மழைநாளில் ஒரு சறுக்கல் போதும், கணுக்கால் முறிந்துவிடும். பிளேட், ஸ்க்ரூ வைத்து வீடு திரும்பியதும் எல்லோரும் கேட்பது: "எப்போ நடக்கலாம்?"

ஆபரேஷன் எலும்பை அதன் இடத்தில் நிறுத்தும், அவ்வளவுதான். நடையை மீட்டுத் தருவது அடுத்த சில மாதப் பயிற்சி.

முதல் 2 வாரம்

காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். படுத்தபடி, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை அடுக்குங்கள். விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் 108. ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

2 முதல் 6 வாரம்

டாக்டர் ஓகே சொன்னதும், கால் கட்டைவிரலால் காற்றில் 'அ, ஆ, இ' எழுதுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் மூட்டு இறுகாது. பாதம் மேல்நோக்கி மடங்காவிட்டால் படி இறங்குவதும், இந்தியன் டாய்லெட்டில் குந்துவதும் கஷ்டம்.

காலை ஊன்ற 6 வாரம் காத்திருக்கச் சொல்வதே பழைய வழக்கம். 2 வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்களுக்கும் பலன் குறையவில்லை என்கிறது 2024-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. ஆனால் முறிவின் தன்மை, சர்க்கரை நோய் போன்றவற்றைப் பொறுத்து இது மாறும். "எத்தனை கிலோ ஊன்றலாம்?" என்று சர்ஜனிடமே கேளுங்கள். வீட்டு எடை மெஷினில் காலை அழுத்திப் பார்த்தால் அளவு பிடிபடும்.

மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில்.

எண்ணெய் தடவி நீவிவிட யாராவது சொன்னால், வேண்டவே வேண்டாம்.

வண்டி எப்போ ஓட்டலாம்?

வலது கால் என்றால் அவசரப்படாதீர்கள். காரில் பிரேக் பிடிக்கும் வேகம் பழையபடி திரும்ப சுமார் 9 வாரம் ஆனது என்கிறது 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. கியர் பைக்கின் பின்பிரேக்கும் வலது காலில்தான். ஸ்கூட்டர் என்றாலும் சிக்னலில் ஊன்றக் கால் வேண்டுமே!

பிசியோவுக்கும் லீவுக்கும் காசு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையும் உண்டு.

சம்பளம் போகுமே என்று 4-வது வாரமே ஷிஃப்டுக்கு ஓடுபவர்கள் பலர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், மருத்துவச் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்த விபத்தையும் பணிக்காயமாக ஏற்க சட்டத்தில் இடமுண்டு. ஏற்கப்பட்டால், குணமாகும்வரை சுமார் 90 சதவீதம். எனவே விபத்தை ஹெச்.ஆரிடம் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மாலையானால் கால் வீங்குவது சில மாதம் தொடரலாம். பயப்பட வேண்டாம்; பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.