டிபன் பாக்ஸ் நிறைந்தே திரும்பினால்...

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்களின் சம்மதத்துடன் பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ரமளான் முடிந்து ஆறு நோன்பும் வைத்தாள். அதற்குப் பிறகும் வாரத்தில் பாதி நாள் நோன்பு என்றாள். "மாஷா அல்லாஹ், இந்த வயதில் இவ்வளவு பேணுதலா!" என்று நாமும் பாராட்டினோம்.

சந்தேகப்பட்டவர் அவளுடைய வகுப்பு ஆசிரியை மட்டுமே. வெயில் காலத்திலும் குளிருகிறது என்று ஃபேன் காற்று படாத இடத்துக்கு மாறினாள். நோன்பில்லாத நாளிலும் டிபனைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். காலை பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். ஆசிரியை தாயாரை அழைத்துப் பேசிய பிறகே மருத்துவரிடம் போனார்கள். 'அனோரெக்சியா' என்றார் மருத்துவர். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் அது. நோன்பு அதற்கு ஒரு திரையாக இருந்திருக்கிறது.

இது அடமும் அல்ல, செல்லமும் அல்ல. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய மனநோய். 'புலிமியா' என்ற இன்னொரு வகையும் உண்டு. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, தாங்களாகவே வாந்தி எடுப்பார்கள். அதனால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். இவர்களில் பலர் பார்வைக்குச் சரியான எடையிலேயே இருப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வரும்.

ஆசிரியர்களும் மதரஸா உஸ்தாதுகளும் கவனிக்க வேண்டியவை:

1. மதிய உணவு நேரத்தில் ஒதுங்குவது, சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுவது.
2. மயக்கம், சோர்வு, எப்போதும் குளிர்வது, பாடத்தில் கவனம் சிதறுவது.
3. "நான் குண்டு" என்று ஓயாமல் சொல்வது, தோழர்களை விட்டு விலகுவது.

தளர்ந்த உடைக்குள் எடைக் குறைவு தெரியாது. மாதவிடாய் நின்றுபோனால் தாய்தான் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியே அழைத்து, "கொஞ்ச நாளாகச் சோர்ந்திருக்கிறாயே, என்னம்மா?" என்று கேட்டால் போதும். எடையைப் பற்றிப் பேச வேண்டாம். மிரட்டி ஊட்டவும் வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல், கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்பும் எடை பார்ப்பதையும் 'குண்டு', 'ஒல்லி' என்ற பட்டப்பெயர்களையும் பள்ளி நிறுத்த வேண்டும். சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கு விடுப்பும், மருத்துவர் சொல்லும் வரை விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கும் தர வேண்டும்.

பெற்றோரே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருப்பது குர்ஆனே (2:184). நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற 'டெலி மனாஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அந்தப் பிள்ளை இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். மதியம் ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். பாராட்டுவதற்கு முன் நாமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். இனியாவது கேட்போம், இன்ஷா அல்லாஹ்.