உங்கள் ஓட்டத்துக்கு நீங்களே நடுவர்

ஓடுவதற்கும் ஒரு பாடமா என்று நீங்கள் சிரிக்கலாம். தவழ்ந்து எழுந்த பிள்ளை யாரிடம் கற்றுக்கொண்டு ஓடுகிறது? உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகி, இடுப்பில் சதை போட்டு, "இனி தினமும் ஓடப் போகிறேன்" என்று ஒரு விடியற்காலையில் திடலில் இறங்கும்போது கதை மாறிவிடுகிறது. மூன்றாம் வாரம் முழங்காலில் வலி. நான்காம் வாரம் சப்பாத்து கட்டிலுக்கு அடியில். "நமக்கு வயதாகிவிட்டது" என்று ஒரு சமாதானம்!

வயதின்மேல் பழி போடுவதற்கு முன், நாம் ஓடிய விதம் சரிதானா என்று ஒரு நாளாவது பார்த்தோமா?

கெடாவில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. ரப்பர் காட்டில் நிரை நிரையாக நடந்த தலைமுறை ஓய்ந்துவிட்டது. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பிள்ளைகள் தொழிற்சாலையில் நின்றோ, அலுவலகத்தில் உட்கார்ந்தோ சம்பாதிக்கிறார்கள். நடை குறைந்தது, சோறு குறையவில்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100 பேருக்கு 31 பேர் நீரிழிவு உடையவர்களாக இருந்தார்கள். "நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்று டாக்டர் சொல்வது இதனால்தான். அப்படி ஓடத் தொடங்கியவர் முழங்கால் வலியால் நிறுத்திவிட்டால், நஷ்டம் முழங்காலோடு முடிவதில்லை அல்லவா?

நான்கு மணி நேரம் நடுவர் பார்வையில்

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் நம் கோ. சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் முதலாவதாக வந்தார். காமன்வெல்த் போட்டிகளில் திடல்தடப் பிரிவில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது.

நடைப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது கண்ணில் படக்கூடாது. முன்னே வைத்த கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை முட்டி மடங்காமல் இருக்க வேண்டும். பாதை நெடுக நடுவர்கள் நின்று பார்ப்பார்கள். அன்றைய விதிப்படி மூன்று நடுவர்கள் தவறு என்று சொல்லிவிட்டால் வீரர் வெளியேற வேண்டியதுதான்.

எண்ணிப் பாருங்கள். மூன்றரை மணி நேரம் நடந்து களைத்தபின் முட்டி மடங்கத்தான் பார்க்கும். அப்போதும் தலை எங்கே, இடுப்பு எங்கே, கால் எங்கே என்று உள்ளிருந்தே உணர்ந்துகொண்டு நடந்தால்தான் தங்கம் கிடைக்கும்.

நம் காலை ஓட்டத்துக்கு நடுவர் இல்லை. ஆனால் தண்டனை உண்டு. அதை முழங்கால் கொடுக்கும்! ஆகவே நமக்கு நாமே நடுவராக வேண்டும்.

பால் சிந்தாத நடை

இந்தக் கவனம் நமக்குப் புதிதல்ல. தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் பால் வாளி என்று நடந்த நம் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். எட்டி எட்டிக் கால் வைத்தால் வாளி குலுங்கும், பால் சிந்தும். சிந்திய பாலுக்குச் சம்பளம் இல்லை. அதனால் அடி சிறிதாக, விரைவாக, சீராக விழும். தலை ஆடாது. பார்வை முன்னே இருக்கும். நல்ல ஓட்டத்துக்கு வேண்டிய பாடத்தில் பாதி அந்த நடையிலேயே அடங்கியிருக்கிறது.

நாளைக் காலை ஓடும்போது, தோளில் பால் வாளி இருப்பதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தலை: மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதைத் தொங்கவிட்டுத் தரையைப் பார்த்து ஓடினால் அந்தச் சுமை முழுவதையும் கழுத்தும் முதுகும் தாங்க வேண்டும். இருபது முப்பது அடி முன்னால் பாருங்கள்.

தோளும் கையும்: களைப்பு வந்தால் தோள் காதை நோக்கி ஏறும்; விரல்கள் இறுகும். மூச்சை நீளமாக விட்டுத் தோளை இறக்குங்கள். முழங்கை மடங்கி, கை முன்னும் பின்னும் வீசட்டும். மார்புக்குக் குறுக்கே வீசினால் உடம்பு முறுக்கும். உள்ளங்கையில் கோழிக்குஞ்சு ஒன்றை வைத்திருப்பதுபோல் பிடி தளர்வாக இருக்கட்டும்.

இடுப்பு: சற்றே முன்சாய்ந்து ஓடுவது நல்லது. ஆனால் சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். மரத்தின் அடியில் பால் வெட்டுவதுபோல் இடுப்பை மடக்கிக் குனிந்தால் மூச்சும் முட்டும், முதுகும் வலிக்கும்.

பாதம்: பலர் செய்யும் பெரிய பிழை இதுதான். வேகமாகப் போக வேண்டும் என்று காலை வெகு தூரம் முன்னே எறிவார்கள். உடம்புக்கு முன்னால் போய் விழும் கால், மோட்டாரில் பிரேக் பிடிப்பதுபோல் ஒவ்வோர் அடியிலும் உங்களைத் தடுக்கிறது. அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகிறது. பாதம் உங்கள் உடம்புக்குக் கீழே, இயன்றவரை அருகில் விழட்டும். காதும் ஒரு நடுவர்தான். 'தொப் தொப்' என்று சத்தம் கேட்டால் அடி கனமாக விழுகிறது என்று பொருள்.

எண்ணிப் பாருங்கள்

ஒரு நிமிடத்தில் உங்கள் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் அடிக் கணக்கு. அதே வேகத்தில் 100க்கு 5 முதல் 10 வரை அடிகளைக் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் விழும் சுமை குறைகிறது என்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கண்டறிந்தார்கள். உங்கள் கணக்கு 150 என்றால் 158 போதும். எல்லாரும் 180 அடி வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வீரர்களை எண்ணியதில் வந்த கணக்கு. நம் உடம்புக்கு நம் கணக்கு.

அழகு வேண்டாம், கவனம் போதும்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். அவர் ஓடும்போது தலை ஆடும், முகம் கோணும். பார்த்தவர்கள் வலியில் துடிக்கிறார் என்றே நினைத்தார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே அச்சு என்று ஒன்று இல்லை. பக்கத்தில் ஓடுபவரைப் பார்த்து நடிக்க வேண்டாம். வலியில்லாமல் ஓடுகிறவர் எதையும் மாற்றவும் வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியவர் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓட்டம் முழுவதும் அதையே நினைத்தால் உடம்பு இறுகிவிடும். ஒரு நிமிடம் கவனம், பிறகு நாலைந்து நிமிடம் மறந்து ஓட்டம். இப்படி மாறி மாறிச் செய்யுங்கள். உங்கள் மகளிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். "அப்பா, நீங்க தரையையே பார்த்துக்கிட்டு ஓடுறீங்க" என்று அவள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள்தான் உங்கள் இரண்டாவது நடுவர்!

சில எச்சரிக்கைகளும் உண்டு. நெடுநாள் ஓடாதவர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்கலாம். ஓடும்போதே பேச முடிகிற வேகம் போதும். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள். வெறுங்காலில் ஓடாதீர்கள். திரும்பியதும் பாதத்தில் புண், கொப்புளம் உண்டா என்று பாருங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். நொண்டவைக்கும் வலியோடு ஓடுவது வீரம் அல்ல.

வாசகர்களே, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சப்பாத்தை இன்றிரவே எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். நாளை விடியற்காலையில் பத்து நிமிடம் போதும். தோளில் பால் வாளி இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு சொட்டும் சிந்தாமல் வீடு திரும்புங்கள்!