உலகின் வயதும் ஆறு நாள் படைப்பும்

புவியியல் வகுப்பில் பூமி தோன்றி 450 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று எழுதிக்கொள்கிறோம். மணி அடிக்கிறது. அடுத்த பாடவேளை மறைக்கல்வி. அங்கே இறைவன் ஆறு நாள்களில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று படிக்கிறோம். "சிஸ்டர், இவ்விரண்டில் எது மெய்?" என்று துணிந்து கேட்கும் மாணவியர் சிலர் உண்டு. கேளாமல் மனத்துள்ளேயே வைத்துக்கொள்வோர் பலர். எனக்குக் கவலை தருபவர்கள் இந்த இரண்டாம் வகையினரே. பள்ளியில் கேட்காத கேள்வியைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குச் செல்லும் பெண், ஒருநாள் இரண்டில் ஒன்று பொய் என்று தானே முடிவு கட்டிவிடுகிறாள். ஒன்று அறிவியலை வெறுக்கிறாள். அல்லது பூசைக்குப் போவதை நிறுத்துகிறாள். இரண்டுமே தேவையற்ற இழப்பு. ஆகவே இக்கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாக என்ன விடைகள் கூறி வந்துள்ளனர் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உலகின் வயது இத்தனை ஆண்டு என்று விவிலியத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆறாயிரம் ஆண்டு என்பது மனிதர் போட்ட கூட்டல் கணக்கு. நம் பாட்டிமார் ஆதியாகமம் என்று அழைத்த தொடக்க நூலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதாமுக்கு இத்தனை வயதானபோது சேத்து பிறந்தான், சேத்துக்கு இத்தனை வயதானபோது ஏனோசு பிறந்தான் என்று வரிசை வரிசையாகச் செல்கிறது. இந்த வயதுகளை ஒன்றோடொன்று கூட்டி, பின்வந்த அரசர்களின் ஆட்சி ஆண்டுகளையும் சேர்த்தால் ஒரு தொகை கிடைக்கும். அயர்லாந்து நாட்டில் அர்மா நகரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் என்பவர் 1650-இல் வெளியிட்ட நூலில் இவ்வாறு கணக்கிட்டு, கி.மு. 4004, அக்டோபர் 23-ஆம் நாளுக்கு முந்திய மாலையில் படைப்புத் தொடங்கியது என்று எழுதினார். இதைக் கேட்டு இன்று பலர் நகைக்கின்றனர். ஆனால் அஷர் மூடரல்லர். பல பழைய மொழிகள் கற்ற பெரும் அறிஞர். அக்காலத்தில் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டே கணக்கிட்டார். வினை வேறு இடத்தில் வந்தது. 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்தில் அவருடைய ஆண்டுகளை அச்சிடத் தொடங்கினர். ஓரத்தில் இருந்த எண்ணும் இறைவாக்கே என்று மக்கள் எண்ணிவிட்டனர்.

அதே கணக்கைப் பிறர் போட்டபோது விடை வேறாக வந்தது. எபிரேய மூலத்தில் சேத்து பிறந்தபோது ஆதாமுக்கு வயது 130. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ 230. இப்படித் தலைமுறைக்கு நூறு நூறாகக் கூடுவதால் கிரேக்க நூலைப் பின்பற்றியோருக்கு உலகம் மேலும் முதியதாயிற்று. கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபையார் கி.மு. 5509 என்றனர். உரோமைத் திருச்சபையின் மறைச்சாட்சியர் நூலில் கிறிஸ்து பிறப்புக்கு முன் 5199 ஆண்டு என்றிருந்தது. யூதர் கணக்கு கி.மு. 3761. இங்கிலாந்துத் துறவி புனித பீட், எபிரேய மூலத்தைக் கொண்டு கி.மு. 3952 என்று கண்டார். வழக்கமான எண்ணை மாற்றிவிட்டார் என்று 708-ஆம் ஆண்டில் ஓர் ஆயரின் விருந்து மேசையில் சிலர் அவரைத் திரிபுக் கொள்கையர் என்று தூற்ற, அவர் மிகுந்த சினத்துடன் மறுப்புக் கடிதம் எழுதினார். புனிதர்களுக்கும் சினம் வரும் என்பதற்கு அக்கடிதம் நல்ல சான்று!

இனி, நாள் என்ற சொல்லுக்கு வருவோம். காலையும் மாலையும் உள்ள இருபத்து நான்கு மணி நேரம்தானா அது? நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பசிலியார் ஆம் என்றே மறையுரை ஆற்றினார். அவருக்கு நூறாண்டுக்கும் முந்திய ஒரிஜன் என்ற அறிஞரோ, கதிரவன் படைக்கப்பட்டது நான்காம் நாளில் அல்லவா, அப்படியாயின் முதல் மூன்று நாள்களுக்குக் காலையும் மாலையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். நம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் இன்றுவரை தப்பிக்க முடியாத கேள்வி.

புனித அகுஸ்தீனார் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் சிந்தித்து, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடக்க நூலுக்கு ஒரு பெரிய விளக்கவுரை எழுதினார். இறைவன் அனைத்தையும் ஒரே கணத்தில் படைத்தார். பின்னர் தோன்றவேண்டியவற்றை விதைபோல் படைப்பினுள் வைத்தார். ஆறு நாள் என்பது நம் நாள்களைப் போன்றதன்று, நாம் புரிந்துகொள்வதற்கான ஒழுங்கு என்பது அவர் கருத்து. அதே நூலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வானம், பூமி, விலங்குகள் பற்றிக் கிறிஸ்தவரல்லாதோரும் ஆராய்ந்து நன்கறிந்த செய்திகள் பல உள்ளன. அவற்றில் ஒரு கிறிஸ்தவன் அறியாமல் பிதற்றி, அதற்கு விவிலியத்தைச் சான்று காட்டினால், கேட்போர் விவிலியத்தையே இகழ்வர், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவர் என்று வருந்துகிறார். அவருக்குப் புதைபடிவம் தெரியாது, நிலநூல் தெரியாது. உலகின் வயது ஆறாயிரம் ஆண்டுக்கும் குறைவு என்றே அவரும் எண்ணினார். ஆயினும் நாள்களை எழுத்துப்படி கொள்ளவேண்டியதில்லை என்று கண்டார். அறிவியலுக்கு அஞ்சித் திருச்சபை பிற்காலத்தில் விளக்கத்தை மாற்றிக்கொண்டது என்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

பாறைகளைப் படிக்கக் கற்றுத்தந்தவர்களில் முதன்மையானவர் ஓர் ஆயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டென்மார்க் நாட்டினரான நிக்கொலாஸ் ஸ்டேனோ மருத்துவம் பயின்றவர். 1666-இல் இத்தாலியில் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை பிளாரன்ஸ் நகருக்கு அவரிடம் அனுப்பப்பட்டது. அதன் பற்களைக் கண்டவருக்கு, மலைகளில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' நினைவுக்கு வந்தன. அவை வானிலிருந்து விழுந்தவை என்றும், பாம்பு நாக்குகள் கல்லானவை என்றும் மக்கள் நம்பியிருந்தனர். அவை பழைய சுறாப் பற்களே என்று ஸ்டேனோ காட்டினார். அப்படியானால் மலைப்பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும். 1669-இல் வெளியிட்ட சிறு நூலில், படிவுப் பாறைகளில் கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது என்ற விதியை எழுதினார். இன்றும் நிலநூல் மாணவர் முதலில் கற்பது அதுவே. லூத்தரன் குடும்பத்தில் பிறந்த ஸ்டேனோ 1667-இல் கத்தோலிக்கரானார், 1675-இல் குரு, 1677-இல் ஆயர். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்த நாள் 1988, அக்டோபர் 23. அஷர் பேராயர் உலகத்துக்குக் குறித்த பிறந்த நாளும் அதுவே என்பதைக் காணும்போது சிரிப்பு வராமலிருக்காது. ஸ்டேனோவும் தம் அடுக்குகளை ஆறாயிரம் ஆண்டுக்குள் அடக்கவே முயன்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்த அடுக்குகள் அதற்குள் அடங்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் 1788-இல் சிக்கார் முனை என்ற கடற்கரையில், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பழைய பாறை அடுக்குகளின் மேல் வேறு அடுக்குகள் சாய்வாகப் படிந்திருப்பதைக் கண்டார். கீழுள்ளவை கடலில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பின்னரே மேலுள்ளவை படிந்திருக்க முடியும். எவ்வளவு காலம் ஆகியிருக்கும்!

இதைக் கண்ட பக்தியுள்ள புராட்டஸ்டாண்டு சகோதரர்கள் இரு வழிகளில் விடை தேடினர். ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814-இல், தொடக்க நூலின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையே அளவிட முடியாத நீண்ட இடைவெளி உண்டு, பாறைகளின் காலம் அதற்குள் அடங்கும் என்றார். கொத்தனாராக வாழ்வைத் தொடங்கி நிலநூல் அறிஞரான ஹியூ மில்லர், ஒவ்வொரு நாளும் ஒரு நெடிய ஊழி என்றார். இறைவன் பார்வையில் ஆயிரம் ஆண்டுகள் ஒரு நாளைப் போன்றவை என்று 90-ஆம் திருப்பாடலிலும் புனித இராயப்பரின் இரண்டாம் திருமுகத்திலும் வருவதை இவ்வகையினர் எடுத்துக்காட்டுவர். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த விளக்கங்களே. ஆயினும் எனக்கு இவை நிறைவளிக்கவில்லை. கதிரவனுக்கு முன் மரஞ்செடிகள் தோன்றிய வரிசை, நாளை ஊழியாக்கினாலும் சரியாவதில்லையே!

பூமியின் வயதை எண்ணால் சொல்ல உதவியது கதிரியக்கம். 1896-இல் பெக்கரல் இதைக் கண்டார். இதற்குப் பெயர் சூட்டியவர் மேரி கியூரி அம்மையார். யுரேனியம் தானாகவே சிறிது சிறிதாக ஈயமாக மாறுகிறது. யுரேனியம் 238 என்ற வகையில் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். சூடாக்கினாலும் அழுத்தினாலும் இந்த வேகம் மாறுவதில்லை. ஆகவே யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் அளவுகளைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கர் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் அறிவித்தார். இன்றைய மதிப்பு 454 கோடி; பிழை கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ 5 கோடிக்குள் அடங்கும். நாம் திருயாத்திரை செல்லும் பரங்கிமலையின் கருநிறப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அடுத்த முறை அந்தப் படிகளில் ஏறும்போது எண்ணிப் பாருங்கள்.

ஆறு நாளும் ஆறு சாதாரண நாள்களே, உலகம் இளையதே என்று கூறும் கிறிஸ்தவர் இன்றும் உளர். விட்கம், மாரிஸ் என்ற இரு அமெரிக்கர் 1961-இல் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இவர்கள் எண்ணிக்கை பெருகியது. விட்கம் மறைநூல் ஆசிரியர். மாரிஸ் நீரியல் பொறியாளர். பாறை அடுக்குகளெல்லாம் அந்த ஒரே வெள்ளத்தில் படிந்தவை என்பது அவர்கள் கொள்கை. 2007-இல் இக்கொள்கைக்கென்றே கென்டக்கி மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இவர்களை ஏளனம் செய்வது நமக்கு அழகன்று. அவர்களை வாட்டும் கேள்வி உண்மையானது. பாவத்தால் சாவு வந்தது என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதுகிறாரே, ஆதாமுக்கு முன்பே கோடிக்கணக்கான உயிர்கள் மடிந்தன என்றால் அது எப்படிப் பொருந்தும் என்கின்றனர். சின்னப்பர் பேசுவது மனிதரின் சாவைப் பற்றி என்பதே நம் மறைவல்லுநர் தரும் விடை. மனிதன் பாவம் செய்ததால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை, சிங்கமும் பருந்தும் முன்பும் புல் தின்றிருக்கமாட்டா என்று புனித அக்குவினா தோமையார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

அப்படியாயின் ஆறு நாள் எதற்கு? நாள்களை இரு வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் நாள் ஒளி, நான்காம் நாள் ஒளிச்சுடர்கள். இரண்டாம் நாள் வானும் நீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலம், ஆறாம் நாள் நிலத்தில் வாழும் விலங்கும் மனிதரும். முதல் மூன்று நாளில் வீடு கட்டப்படுகிறது. அடுத்த மூன்று நாளில் குடியிருப்போர் வருகின்றனர். பிரித்து அமைக்கும் வேலை, அணி செய்யும் வேலை என்று அக்குவினா தோமையாரும் இதைக் குறிப்பிட்டார். இரண்டாம் அதிகாரத்திலோ வரிசையே வேறு: முதலில் மனிதன், பிறகே மரங்களும் விலங்குகளும், கடைசியில் பெண். இந்நூலைத் தொகுத்தோர் இவ்வேறுபாட்டைக் காணாதவர்களா? நிகழ்ந்த வரிசையைச் சொல்வது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கமாட்டார்கள்.

முதல் அதிகாரம், யூதர் பாபிலோனில் அடிமைகளாக வாழ்ந்த கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இவ்வடிவம் பெற்றது என்பது பல அறிஞர் கருத்து. பாபிலோனியரின் படைப்புக் கதை களிமண் ஏடுகளில் கிடைத்துள்ளது. அதில் மார்துக் என்னும் தெய்வம் தியாமத் என்பவளைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானம் அமைக்கிறது. தெய்வங்களுக்கு ஊழியம் செய்ய, கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதன் உண்டாகிறான். கதிரவனும் நிலவும் அங்கே வணங்கப்பட்டவை. அந்த ஊரில், தோற்ற மக்களின் கையில் இருந்த ஏடு என்ன கூறிற்று? போர் இல்லை, இறைவன் சொன்னார், ஆயிற்று. கதிரவனுக்கும் நிலவுக்கும் பெயர்கூடக் கொடுக்காமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று மட்டும் கூறி விளக்குகளாக மாட்டிவைக்கிறது. மனிதர் எவருக்கும் அடிமையல்லர். ஆணும் பெண்ணும் இருவருமே இறைச்சாயல். பெண் கல்விக்கென நிறுவப்பட்ட ஒரு பள்ளியில் இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பற்றி வாதிடுவது எனக்கு வீண் வேலையாகத் தோன்றுகிறது.

திருச்சபையின் நிலை படிப்படியாகவே தெளிவாயிற்று. 1909-இல் பாப்பரசரின் விவிலியக் குழு, நாளைக் குறிக்கும் 'யோம்' என்ற எபிரேயச் சொல்லை இயல்பான நாளாகவோ நீண்ட காலமாகவோ கொள்ளலாம் என்று அனுமதித்தது. 1943-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், விவிலிய ஆசிரியர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று ஆராய்ந்தே பொருள் கொள்ள வேண்டும் என்று சுற்றுமடலில் எழுதினார். 1950-இல் மனித உடலின் தோற்றத்தைப் பற்றிப் பரிணாமக் கொள்கையை ஆராயத் தடையில்லை, ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுகிறது என்றார். 1996-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், அக்கொள்கை வெறும் ஊகத்துக்கும் மேலானது என்று கூறினார். ஆதாம், ஏவாள் என்ற ஒரே இணையிலிருந்து மனிதகுலம் தோன்றியதா என்பது மட்டும் இன்றும் இறையியலார் ஆராயும் கடினமான பொருள். அதற்கு எளிய விடை இருப்பதாக நான் உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் பல ஆலயங்களில் பாடப்படும் பிறப்பு அறிவிப்பைச் சிலர் கேட்டிருப்பீர்கள். மறைச்சாட்சியர் நூலிலிருந்து எடுக்கப்படுவது அது. உலகம் படைக்கப்பட்டு 5199-ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறந்தார் என்று பல நூற்றாண்டுகளாக அதில் இருந்தது. 2001-இல் உரோமை அந்நூலைத் திருத்தி வெளியிட்டபோது அந்த எண்ணை எடுத்துவிட்டது. படைப்புக்குப் பின் எண்ணற்ற காலங்கள் கடந்தன என்ற பொருளில் இப்போது அது தொடங்குகிறது.